டிரெய்லரின் வடிவமும் எரிபொருள் செலவும்: காற்றுத்தடையை அளந்து வரிசைப்படி குறைக்கும் முறை

கோடை தொடங்கியதும் ரொறன்ரோவிலிருந்து அல்கொன்குயின் பூங்காவுக்கோ மானிற்றூலின் தீவுக்கோ, உள்ளே தங்கும் வசதியுள்ள டிரெய்லரை இழுத்துச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. புதிதாக வாங்கியவர்கள் முதல் பயணம் முடிந்ததும் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: தனியாக ஓடும்போது 100 கிலோமீட்டருக்கு 11 லிட்டர் குடித்த வண்டி, டிரெய்லர் பூட்டியதும் ஏன் 22 லிட்டர் குடிக்கிறது? எடைதான் காரணம் என்று எண்ணிப் பாத்திரங்களையும் தண்ணீரையும் குறைத்துப் பார்ப்பார்கள், செலவு அசையாது. நெடுஞ்சாலையில் எரிபொருளின் பெரும்பகுதியைத் தின்பது டிரெய்லரின் எடையன்று, அது காற்றைப் பிளக்கும் விதமே. அந்தத் தடையைக் குறைக்கும் வேலைகளை எந்த வரிசையில் செய்ய வேண்டும், ஏன் அந்த வரிசை என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். வரிசை மாறினால் பணம் செலவாகும், பலன் தெரியாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அளவு நாடா, டயர் அழுத்தமானி, டிரெய்லரை வண்டியோடு பூட்டும் இணைப்பான ஹிட்ச் மேல் இறங்கும் எடையைக் காட்டும் சிறு தராசு, குறிப்பேடு, சிவப்புக் கம்பளி நூல் ஒரு பந்து, வண்ணப்பூச்சு வேலைக்குப் பயன்படும் எளிதில் உரியும் ஒட்டுநாடா ஆகியவை போதும். டிரெய்லரை முழுச் சுமையுடன் ஒரு முறையாவது எடைமேடையில் ஏற்றி நிறுத்தி மொத்த எடையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டயர்களின் காற்றழுத்தத்தைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பு, டிரெய்லரில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்ய வேண்டும். ஹிட்ச் மேல் இறங்கும் எடை டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பூட்டி முடித்த பின் டிரெய்லரின் தளம் தரைக்கு இணையாக நிற்க வேண்டும். மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும் டிரெய்லர் தன் அடிவயிற்றையும் காற்றுக்குக் காட்டுகிறது. இவற்றை முதலில் முடிக்கச் சொல்வதற்குக் காரணம், காற்றுக் குறைந்த டயரின் உருளல்தடையும் சாய்ந்து நிற்கும் டிரெய்லரின் காற்றுத்தடையும் பின்னால் எடுக்கும் எல்லா அளவுகளிலும் கலந்துவிடும் என்பதுதான். அப்போது எந்த மாற்றம் எதைக் குறைத்தது என்று பிரித்தறிய முடியாது.

2. முதலில் தாளில் ஒரு கணக்கு

காற்றுத்தடை விசை என்பது காற்றின் அடர்த்தியில் பாதி, முகப்புப் பரப்பு, வடிவத்தைக் குறிக்கும் தடைக்கெழு, வேகத்தின் வர்க்கம் ஆகிய நான்கின் பெருக்கம். இந்த நான்கில் நம் கையில் இருப்பவை மூன்று: பரப்பு, வடிவம், வேகம்.

2.4 மீட்டர் அகலமும், தரைத்தளத்தின் அடியிலிருந்து கூரை வரை 2.3 மீட்டர் உயரமும் உள்ள சாதாரணப் பெட்டி வடிவ டிரெய்லரை எடுத்துக்கொள்வோம். அதன் முகப்பு ஏறத்தாழ 5.5 சதுர மீட்டர். முன்னே செல்லும் பிக்கப்பின் கீழ்ப்பகுதியையும் டயர்களையும் சேர்த்தால் மொத்தம் 6 என வைக்கலாம். இரண்டும் சேர்ந்த தடைக்கெழுவை 0.55 என்று கொண்டால், மணிக்கு 100 கிலோமீட்டரில் காற்றுத்தடை ஏறத்தாழ 1,530 நியூட்டன். டிரெய்லரும் பிக்கப்பும் சேர்ந்து 5,000 கிலோ என்றால், டயர்களின் உருளல்தடை 490 நியூட்டன் அளவில் இருக்கும். இந்த இரண்டு தடைகளும் சமமாவது மணிக்கு 57 கிலோமீட்டரை ஒட்டி. அதற்கு மேல் போகப் போகக் காற்றே ஆட்சி செய்கிறது.

எரிபொருளாக மாற்றிப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பெற்றோலில் உள்ள ஆற்றலில் சக்கரத்துக்கு வந்துசேர்வது சுமார் 2.5 கிலோவாட்-மணி என்று கொண்டால், 100 கிலோமீட்டர் ஓடக் காற்றுக்காக 17 லிட்டரும் உருளலுக்காக ஐந்தரை லிட்டரும் போகும். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து 150 கிலோ குறைத்தாலும் செலவு ஏன் அசையவில்லை என்பதற்கு விடை இதுதான்: அந்த 150 கிலோ, ஐந்தரை லிட்டரில் 3 சதவீதத்தைத்தான் தொடுகிறது. எடை குறைப்பது மலையேற்றத்துக்கும் பிரேக்குக்கும் நல்லது, அதைச் செய்யுங்கள். ஆனால் சமதள நெடுஞ்சாலையில் அது பெரிய மிச்சத்தைத் தராது.

மின் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் நெருக்கமானது. 130 கிலோவாட்-மணி மின்கலம் உள்ள வண்டி, மேற்சொன்ன டிரெய்லரை 100 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்தால் 200 கிலோமீட்டரை ஒட்டிய தூரத்திலேயே மின்னேற்றம் தேட வேண்டிவரும்.

உங்கள் டிரெய்லரை நாடாவால் அளந்து இதே கணக்கைப் போடுங்கள். அளந்த பரப்பை இழுக்கும் வாகனத்தின் கையேட்டோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனை கிலோ இழுக்கலாம் என்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவது பரவலான பிழை. பல கையேடுகளில் முகப்புப் பரப்புக்கும் உச்ச வரம்பு தரப்பட்டிருக்கும். பெரிய பிக்கப்புகளுக்கு 60 சதுர அடி என்றும், சிறிய எஸ்யூவிகளுக்கு அதைவிடக் கணிசமாகக் குறைவாகவும் இருப்பதைக் காணலாம். எடை வரம்புக்குள் இருக்கும் உயரமான டிரெய்லர், பரப்பு வரம்பை எளிதாகத் தாண்டிவிடும்.

3. மாற்றம் எதுவும் செய்யாமல் அடிப்படை அளவை எடுத்தல்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் படி இது; நானும் விழுந்திருக்கிறேன். பிக்கப்பின் கூரைக்கு ஒரு காற்றுத்திருப்பிப் பலகையை வாங்கிப் பூட்டிய மறுநாள், 401 நெடுஞ்சாலையில் பெல்வில்லிலிருந்து கிங்ஸ்ரன் பக்கமாகக் கிழக்கே ஓட்டினேன். வண்டியின் எரிபொருள் திரை 100 கிலோமீட்டருக்கு 15 லிட்டருக்கும் குறைவாகக் காட்டியது. வாங்கச் சொல்லி நண்பர்கள் இருவருக்குப் பரிந்துரைத்தும்விட்டேன். திரும்பி மேற்கே வரும்போது அதே திரை 25 லிட்டரைத் தாண்டியது. போகும்போது முதுகில் தள்ளிய மேற்குக் காற்று, வரும்போது முகத்தில் அடித்தது. பலகைக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. நண்பர்களிடம் உண்மையைச் சொல்லி, அவர்கள் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கச் செய்ய வேண்டியதாயிற்று.

காற்றின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். மேற்சொன்ன டிரெய்லரை 90 கிலோமீட்டர் வேகத்தில் இழுக்கும்போது காற்றில்லாத நாளில் சுமார் 19 லிட்டர் ஆகும். 20 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் அது 26 ஆகவும், அதே அளவு பின்காற்றில் 14 ஆகவும் மாறும். வடிவத் திருத்தம் எதுவும் இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தராது என்பதால், காற்றை விலக்காமல் எடுத்த அளவுக்குப் பொருளில்லை.

ஆகவே, அளக்கும் முறை இதுதான்: பெரிய ஏற்ற இறக்கம் இல்லாத 40 கிலோமீட்டர்ச் சாலையைத் தெரிவுசெய்யுங்கள். போக்குவரத்துக் குறைந்த அதிகாலையில், காற்று அடங்கிய நாளில், அரை மணி நேரம் ஓட்டி டயரும் கியர்ப்பெட்டியும் சூடான பிறகு, எரிபொருளை முதல் நிறுத்தச் சத்தம் வரை நிரப்புங்கள். குரூஸ் கன்ட்ரோலில் 90-ஐ வைத்துப் போய்த் திரும்பி, அதே நிலையத்தில் அதே குழாயில் அதே முதல் சத்தம் வரை நிரப்பி, நிரம்பிய லிட்டரை எழுதுங்கள். வெப்பநிலையையும் காற்றின் திசையையும் கூடவே எழுதுங்கள். 0 பாகையில் உள்ள காற்று 30 பாகைக் காற்றைவிட ஏறத்தாழ 11 சதவீதம் அடர்த்தியானது. ஏப்ரலில் எடுத்த அளவை ஜூலையில் எடுத்ததோடு ஒப்பிட்டு மகிழ்ந்தவர்களையும் கண்டிருக்கிறேன்.

இருவழிச் சராசரியும் காற்றை முழுதாக நீக்கிவிடாது. எதிர்க்காற்றில் இழப்பது பின்காற்றில் கிடைப்பதைவிடச் சற்று அதிகம் என்பதால், காற்றடிக்கும் நாளின் சராசரி எப்போதும் சிறிது கூடுதலாகவே வரும். 80 கிலோமீட்டருக்கு 15 லிட்டர் ஆகும் இடத்தில், நிரப்புவதில் அரை லிட்டர் பிசகினாலே 3 சதவீதம் போய்விடும். எனவே மூன்று நாள் எடுத்துச் சராசரி காணுங்கள்.

4. வேகத்தை முதலில் தீர்மானித்தல்

இதற்கு ஒரு காசும் செலவில்லை. மிச்சமோ மற்ற எல்லாப் படிகளையும்விடப் பெரும்பாலும் அதிகம். நம் எடுத்துக்காட்டில் மணிக்கு 110-இல் 26 லிட்டர், 100-இல் இருபத்திரண்டரை, 90-இல் 19. ரொறன்ரோவிலிருந்து அல்கொன்குயினின் மேற்கு வாயிலுக்கு மூன்று மணி நேரப் பயணத்தில் இருபது நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். டிரெய்லருக்கென்று செய்யப்படும் டயர்களில் பலவற்றின் வேக வரம்பு மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீட்டர் என்பதையும் இங்கே நினைவில் வையுங்கள். டயரின் பக்கச்சுவரைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இந்தப் படியை வடிவத்துக்கு முன் வைத்ததற்குக் காரணம், அடுத்த படிகளின் பலனும் வேகத்தைப் பொறுத்தே அமைவதுதான். எந்த வேகத்தில் ஓட்டப்போகிறீர்களோ அந்த வேகத்திலேயே அளந்தால்தான் ஒரு திருத்தம் தன் விலையைத் திருப்பித் தருமா என்று சொல்ல முடியும்.

5. இன்னும் வாங்கவில்லையென்றால்: நீளத்தைப் பார்க்காமல் உயரத்தைப் பாருங்கள்

வாங்க வருபவர்கள் எரிபொருளுக்கு அஞ்சி 26 அடியை விட்டு 20 அடியைத் தெரிவுசெய்வது வழக்கம். அகலமும் உயரமும் ஒன்றாக இருந்தால், சமதளத்தில் இந்த இரண்டுக்கும் இடையே காற்றுத்தடையில் சிறிய வேறுபாடே இருக்கும். காற்றுக்கு முகமும் முதுகும்தான் முக்கியம். நீளும் பக்கச்சுவரில் அது உரசிச் செல்வதால் வரும் தடை மிகச் சிறிது. மாறாக, கூரையை 30 சென்றிமீட்டர் தாழ்த்தினால் 0.7 சதுர மீட்டர், அதாவது முகப்பில் எட்டில் ஒரு பங்கு குறைகிறது.

இதனால்தான் கூரையை இறக்கிவைத்து இழுக்கும் மடிப்பு டிரெய்லர்களும், முக்கோணமாக மடியும் வகைகளும் சிறிய வண்டிக்கும் பாரமாகத் தெரிவதில்லை. 1968-இல் வின்னிபெக்கில் பிறந்த போலர் போன்ற கண்ணாடியிழை முட்டை வடிவங்கள் இரண்டு வழியிலும் வெல்கின்றன: அகலம் 2 மீட்டரை ஒட்டியே இருப்பதால் பரப்பும் குறைவு, எல்லா விளிம்பும் உருண்டிருப்பதால் தடைக்கெழுவும் குறைவு. ஏர்ஸ்ட்ரீம் வகை வளைந்த அலுமினிய உடல்களுக்குப் பரப்பு அவ்வளவு குறைவதில்லை. அவை சம்பாதிப்பது வளைவினால். நின்று குளிக்க உயரம் வேண்டுமா, 100 கிலோமீட்டருக்கு இரண்டு லிட்டர் மிச்சம் வேண்டுமா என்பதைக் குடும்பத்தோடு பேசி முடிவெடுங்கள். ஆறடி உயரமுள்ளவர் பத்து நாள் குனிந்து நிற்பதும் ஒரு செலவுதான்.

6. முன்விளிம்புகளைச் சோதித்தல்

வடிவ வேலையின் இதயம் முன்விளிம்புகளில் இருக்கிறது. முகத்தில் மோதிய காற்று நாலு பக்கமும் விலகிப் பக்கச்சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். விளிம்பு கூராக இருந்தால் அது திரும்ப முடியாமல் சுவரை விட்டு விலகிச் சுழல்கிறது. டிரெய்லர் உண்மையில் இருப்பதைவிட அகலமானதுபோல் காற்றுக்குத் தோன்றுகிறது.

கலிபோர்னியாவில் எட்வர்ட்ஸ் விமானத் தளத்திலிருந்த நாசாவின் டிரைடன் ஆய்வு மையம் 1970-களில் ஒரு பெட்டி வடிவ வேனை வைத்து இதை நேரடியாக அளந்தது. செங்குத்து விளிம்புகளை உருட்டியதும் தடை 40 சதவீதம் குறைந்தது. இழந்த உள்ளிடம் 1.3 சதவீதம் மட்டுமே. கிடை விளிம்புகளையும் உருட்டியபோது தடைக்குறைவு 54 சதவீதம், இழந்த இடம் 3 சதவீதம். உங்கள் டிரெய்லர் பிக்கப்பின் நிழலில் ஓடுவதால் இதே விகிதம் கிடைக்காது. ஆனால் எந்த இடம் முக்கியம் என்பதை இந்த எண்கள் ஐயமின்றிக் காட்டுகின்றன.

உங்கள் விளிம்பு எப்படி நடந்துகொள்கிறது என்பதை நூல் காட்டும். கம்பளி நூலைப் பத்துச் சென்றிமீட்டர்த் துண்டுகளாக வெட்டி, முன்விளிம்பிலிருந்து பின்னோக்கி ஒரு மீட்டர் வரை, இருபது சென்றிமீட்டர் இடைவெளியில், மேலே, நடுவே, கீழே என மூன்று வரிசையாகப் பக்கச்சுவரில் ஒட்டுங்கள். கூரையின் முன்பகுதியிலும் ஒரு வரிசை வேண்டும். வண்டியின் நீட்டிப்புப் பக்கக்கண்ணாடித் தண்டில் சிறு கமராவைப் பொருத்திப் படமெடுங்கள். ஓட்டுபவர் திரும்பிப் பார்க்கக் கூடாது.

என் டிரெய்லரின் முன்மூலையில் செங்கோணமாக மடித்த அலுமினியப் பட்டை ஓடியது. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது, நடு வரிசையில் மூலைக்கு அடுத்த மூன்று நூல்களும் பின்னால் பறக்காமல் முன்னோக்கித் திரும்பி, மூலையையே சுட்டிக்கொண்டு துடித்தன. நான்காவது நூல் நிலைகொள்ளாமல் வட்டமிட்டது. ஐந்தாவதும் ஆறாவதும்தான் சுவரோடு படிந்து பின்னால் ஓடின. வளைந்திருந்த கூரை விளிம்பில் எல்லா நூலும் முதலிலிருந்தே படிந்து கிடந்தன. கூரைக்காகப் பலகை வாங்கிய எனக்கு வேலை பக்கவிளிம்பில் இருக்கிறது என்று அந்த மூன்று சிவப்பு நூல்கள்தான் கற்றுக்கொடுத்தன.

நூல் சுழன்றால் விளிம்பின் ஆரத்தைக் கூட்ட வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் 10 முதல் 15 சென்றிமீட்டர் ஆரம் இருந்தால் காற்றுப் பெரும்பாலும் சுவரைப் பிடித்துக்கொள்ளும். 2 சென்றிமீட்டர் வளைவு கண்ணுக்கு அழகு, காற்றுக்குக் கூர்விளிம்பேதான். வீட்டில் செய்பவர்கள் அடர்த்தியான நுரைப் பலகையைக் கால்வட்டமாகச் செதுக்கிக் கண்ணாடியிழை போர்த்தி ஒட்டுவதுண்டு. விளக்குகளையும் சன்னல் திறப்பையும் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆணியடித்துச் சுவரில் துளையிட வேண்டாம். மழைநீர் உள்ளே இறங்கினால் மரச்சட்டம் ஊறி உளுத்துவிடும்.

மூக்குபோல் கூம்பிய முன்பக்கம் இருந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. கூம்பு பக்கச்சுவரைச் சந்திக்கும் இடத்தில் திருப்பம் குறைவதால் பலன் உண்டு. ஆனால் அதே மூக்கின் மேல்விளிம்பு கூரையைக் கூராகச் சந்தித்தால் காற்று அங்கே பிரிந்துவிடும். அம்புபோல் கூர்மை வேண்டியது ஒலியை மிஞ்சும் வேகத்துக்கு. நம் வேகத்துக்கு மொண்ணையான, உருண்ட முகமே போதும்.

7. வாகனத்துக்கும் டிரெய்லருக்கும் இடையிலுள்ள வெளி

பிக்கப்பின் கூரையைக் கடந்த காற்று, சுமை ஏற்றும் பின்தட்டுக்கு மேலே தாழ இறங்கி, டிரெய்லரின் முகத்தில் மீண்டும் மோதுகிறது. எஸ்யூவி அல்லது மினிவேனின் உயரமான முதுகு டிரெய்லருக்கு நெருக்கமாக இருப்பதால் இந்த மோதல் குறைவு. பின்தட்டுக்கு உயரமான மூடி போட்ட பிக்கப்பும் அப்படியே. இடைவெளியைக் குறைக்க ஹிட்ச் தண்டை நெருக்குபவர்கள், திருப்பத்தில் டிரெய்லரின் மூலை வாகனத்தில் இடிக்காத அளவை முழுத் திருப்பத்தில் வைத்துப் பார்த்த பின்னரே அதைச் செய்ய வேண்டும்.

காற்றுத்திருப்பிப் பலகை பயனற்றதன்று. அது பொருந்தி நிற்கும் கோணம்தான் எல்லாம். அதைச் சரிபார்க்கப் பூச்சிகள் உதவும். ஜூன் மாத மாலையில் புறப்படும் முன் டிரெய்லரின் முன்சுவரைக் கழுவித் துடைத்துவிடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடி நிறுத்தியதும் பூச்சிகள் எங்கே அடர்த்தியாக ஒட்டியிருக்கின்றனவோ அங்கேதான் காற்று நேராக மோதுகிறது. பலகை சரியாக இருந்தால் அந்தப் பட்டை மேல்நோக்கி நகர்ந்து, உருண்ட கூரைவிளிம்பை ஒட்டி மெலிந்திருக்கும். சுவரின் நடுவிலேயே தடிப்பாக இருந்தால் பலகை தாழ்வாகவோ டிரெய்லரிலிருந்து அதிகத் தொலைவிலோ இருக்கிறது. அதைக் கூரைக்கு மேலே காற்றை எறியும் அளவுக்கு நிமிர்த்திவிடக் கூடாது. அப்போது பலகையே இன்னொரு சுவராகிவிடும். டிரெய்லர் இல்லாமல் ஓடும் நாளில் அதைக் கழற்றி வையுங்கள்.

8. கூரை, பக்கம், அடிப்பகுதி

காற்றோட்டச் சன்னல்களை மூடுவது, மடக்கும் அலைவாங்கியை இறக்குவது, வெய்யில்மறைப்பைச் சுருட்டி இறுகக் கட்டுவது ஆகியவற்றைப் புறப்படும் பட்டியலில் சேருங்கள். ஏசி இயந்திரம் கூரைமேல் துருத்தினாலும் அதற்குத் தனிக் கூடு செய்வதில் நேரம் போக்க வேண்டாம். அடிப்பகுதியைத் தட்டையாக மூடுவது பலன் தரும். ஆனால் குழாய்களைப் பழுதுபார்க்கக் கழற்றக்கூடிய துண்டுகளாக அமைத்து, பிரேக்கைச் சுற்றிக் காற்று புழங்க இடம் விட வேண்டும்.

9. பின்பக்கம் கடைசியில்தான்

தட்டையான பின்சுவருக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த வெளி உருவாகி டிரெய்லரைப் பின்னோக்கி உறிஞ்சுகிறது. பக்கங்களைப் படகின் பின்புறம்போல் 10 முதல் 15 பாகை உள்நோக்கிச் சரித்தால் அந்த வெளி சுருங்கும். அதற்கு மேல் சரித்தால் காற்றுச் சுவரை விட்டுப் பிரிந்துவிடும். இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், முன்விளிம்பிலேயே பிரிந்து சுழன்ற காற்று பின்னே ஒழுங்காக வந்துசேராவிட்டால் பின்சரிவின் பலன் பெரிதும் குறைந்துவிடும் என்பதே. விளக்கு, இலக்கத்தகடு, மொத்த நீளம் ஆகியவற்றுக்கான விதிகளும் குறுக்கிடுவதால் இதை வீட்டில் செய்யச் சொல்லமாட்டேன். வாங்கும்போதே பின்புறம் சரிந்த வடிவத்தைத் தேடுவது நல்லது.

பின்சுவரில் மிதிவண்டி தாங்கி பொருத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே நாலு மிதிவண்டிகள் ஏறினால் நெம்புகோல்போல ஹிட்ச் மேல் இறங்கும் எடை குறைந்துவிடும். 90 கிலோமீட்டரில் ஓடும்போது 25 கிலோமீட்டர் பக்கக்காற்று அடித்தால், டிரெய்லர் எதிர்கொள்ளும் காற்று 15 பாகைக்கு மேல் சாய்ந்து வருகிறது. தடையும் கூடும், ஹிட்ச் எடை குறைந்த டிரெய்லர் இடவலமாக ஆடவும் தொடங்கும். மிதிவண்டிகளைப் பிக்கப்பின் பின்தட்டுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஹிட்ச் எடையைத் தராசில் மீண்டும் பார்த்து, அது 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் டிரெய்லருக்குள் உள்ள சுமையை முன்னோக்கி நகர்த்திய பின்னரே சாலையில் இறங்குங்கள்.